அணை உடையவில்லை, அயலார் உறவு உடைந்தது



தென்மேற்குப் பருவமழை பலத்ததும் நம்முடைய கைப்பேசிகளில் ஒரு செய்தி தவறாமல் வந்து சேருகிறது. முல்லைப்பெரியாறு அணை உடையப் போகிறது என்பதே அந்தச் செய்தி. நகரங்கள் வெள்ளத்தில் மூழ்குவதுபோன்ற படம் ஒன்று அதனோடு இணைந்திருக்கும். உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள் என்ற கட்டளையும் அதன் அடியில் இருக்கும். பிழைப்புக்காகச் சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் குடியேறியிருக்கிற நம்மில் அநேகருக்கு வண்டிப்பெரியாற்றிலோ மூணாற்றிலோ உடும்பன்சோலையிலோ சித்தூரிலோ பெற்றோரும் உடன்பிறந்தோரும் இருக்கிறார்கள். ஆகையால் செய்தியைக் கண்டவுடன் நெஞ்சு பதறுகிறது, விரல் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறது. அது மெய்யா பொய்யா என்று விசாரிக்க ஒருவருக்கும் பொழுதில்லை.

இந்த ஒரே அணையைக் குறித்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டதையும் பேசப்பட்டதையும் திரையில் காட்டப்பட்டதையும் நிதானித்துப் பார்த்தால் ஒரு காரியம் விளங்கும். அணை ஒருமுறையும் உடையவில்லை. ஆனால் அணையைப் பற்றிய பேச்சு எல்லைப்புறத்து ஜனங்களின் உறவை உடைத்திருக்கிறது. அணையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கண்களோ, மெய்யாகவே மனிதரைக் கொன்ற மலைச்சரிவைக் காணத் தவறின. இவ்விரண்டையும் குறித்து நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டும்.

வழக்கின் வரலாறு

1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவதே அதன் நோக்கம். பொறியாளர் ஜான் பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் வயலும் குடிநீரும் இன்றைக்கும் அதை நம்பியிருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் பென்னிகுயிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15-இல் அவருக்குப் பொங்கலிடுவதன் காரணம் இதுவே.

1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தமிழர் திரளாக வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தன. இவ்விதமாக அணை நிற்கும் மண் கேரளத்தினுடையதாகவும், அதை இயக்கும் பொறுப்பு தமிழ்நாட்டினுடையதாகவும் ஆயிற்று. 1970-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. ஏக்கருக்கு 5 ரூபாயாயிருந்த குத்தகை 30 ரூபாயாக உயர்ந்தது. அதுவரை இது கணக்கு வழக்காகவே இருந்தது.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் குஜராத்தில் மச்சு ஆற்று அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதைத் தொடர்ந்து முல்லைப்பெரியாற்றைக் குறித்தும் கேரளத்தில் அச்சம் எழுந்தது. மத்திய நீர் ஆணையத்தின் ஆலோசனைப்படி நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அணையின் உச்சியில் கான்கிரீட் தொப்பி அமைத்து, எஃகு வடங்களால் அடிப்பாறையோடு பிணைத்து, பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பிப் பலப்படுத்தினார்கள். 2006 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டம் செய்தது. 2014 மே 7-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்து, அணை பாதுகாப்பானது என்ற நிபுணர் குழுவின் முடிவை ஏற்று, மேற்பார்வைக் குழு ஒன்றையும் நியமித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. அணை நின்றது.

இப்படிச் சொல்லுவதால், அணைக்குக் கீழே வாழுகிறவர்களின் பயத்தை அற்பமாக எண்ணலாகாது. வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதரை ஆகிய ஊர்களில் ஆற்றங்கரையில் குடியிருக்கிறவன் அடைமழை இரவில் தூங்காமல் விழித்திருப்பது நியாயமே. நூற்றாண்டைக் கடந்த அணையைக் கவனமாகக் கண்காணிக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. அந்தப் பயத்தைப் பிறர் எடுத்து வியாபாரம் பண்ணுவதுதான் அநியாயம்.

2011 டிசம்பரில் நடந்தது என்ன?

அந்த ஆண்டு இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. மலையாளத் தொலைக்காட்சிகளில் அணையைப் பற்றிய விவாதம் இரவும் பகலும் ஓடிற்று. நவம்பர் 25-இல் ‘டேம் 999’ என்ற திரைப்படம் வெளியாயிற்று. அணை உடைந்து ஜனங்கள் மடிவதாகக் கதை. தமிழ்நாடு அரசு முந்தின நாளே அதற்குத் தடை விதித்தது. படம் ஓடின ஊரிலும் ஓடாத ஊரிலும் அதுவே பேச்சாயிற்று.

டிசம்பர் தொடக்கத்தில் கேரள உயர்நீதிமன்றத்தில், அம்மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் கே.பி. தண்டபாணி ஒரு விளக்கம் கொடுத்தார். ஒருவேளை முல்லைப்பெரியாறு உடைந்தாலும் அந்த நீரைக் கீழேயுள்ள இடுக்கி நீர்த்தேக்கம் தாங்கிக்கொள்ளும் என்பதே அவர் சொன்னதின் சாரம். முல்லைப்பெரியாற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 15 டி.எம்.சி. இடுக்கி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவோ ஏறக்குறைய 70 டி.எம்.சி. இடுக்கி நிரம்பியிருக்கும் காலத்தில் என்ன ஆகும், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஊர்களின் கதி என்ன என்று மறுகேள்வி கேட்க இடமுண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலைப் பெற்று ஜனங்களுக்குச் சொல்லியிருந்தால் அது செய்தித்தொழிலுக்கு மரியாதையாக இருந்திருக்கும். நடந்தது வேறு. அவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்ற கூக்குரலே எழும்பிற்று. பயத்தைக் குறைக்கும் வார்த்தை சொன்னவன் துரோகியாக எண்ணப்பட்டான்.

அப்போது எதிர்க்கட்சியாயிருந்த இடதுசாரி முன்னணி டிசம்பர் 8-ஆம் நாள் முல்லைப்பெரியாற்றிலிருந்து கொச்சி வரைக்கும் மனிதச் சுவர் எழுப்பிற்று. ஆளுங்கட்சியினரும் போராட்டத்தில் பின்தங்க விரும்பவில்லை. தமிழ்நாட்டிலும் கட்சிகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. இத்தனைக்கும் விலை கொடுத்தவர்கள் யார்?

கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஒவ்வொரு நாளும் விடியற்காலத்தில் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக உடும்பன்சோலை தாலுகாவின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள். டிசம்பர் மாதம் ஏலக்காய் அறுவடைக் காலம். அந்த நேரத்தில் குமுளியில் மோதல் வெடித்தது. சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டனர். அநேக குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, காட்டுப்பாதை வழியாக மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்குத் தப்பி வந்தன. சபரிமலைக்குப் போன வாகனங்கள் வழிமறிக்கப்பட்டன.

அங்கே நடந்தது இங்கே வந்து சேர்ந்தபோது பத்து மடங்காகப் பெருகியிருந்தது. மெய்யும் வதந்தியும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. கம்பம், கூடலூரிலிருந்து பல்லாயிரம் பேர் குமுளியை நோக்கி அணிவகுத்தார்கள். தேனி மாவட்டத்திலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அதே தெருவில் தேநீர் விற்றுக்கொண்டிருந்த மனிதனுக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம்? கம்பம்–குமுளிச் சாலை பல நாட்கள் அடைபட்டுக் கிடந்தது. காய்கறி ஏற்றிய லாரிகள் நின்றன. தோட்டத்தில் காய் முற்றி உதிர்ந்தது. கூலிக்காரி வீட்டில் அடுப்பு எரியவில்லை.

வண்டிப்பெரியாற்றில் வாழும் தமிழனின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். அணை உடைந்தால் முதலாவது வெள்ளம் வருவது அவன் வீட்டுக்கு. ஆகையால் மலையாளி அயலானோடு சேர்ந்து அவனும் பயப்படுகிறான். அணையின் நீர் நின்றால் கம்பத்திலிருக்கிற அவன் அண்ணன் வயல் காயும். ஆகையால் அண்ணனுக்காகவும் அவன் கவலைப்படுகிறான். இருபுறத்துத் துயரத்தையும் ஒருங்கே சுமக்கிறவன் அவன் ஒருவனே. ஆனாலும் கலகம் வந்த நாளில் அங்கே அவன் ‘தமிழன்’ என்று துரத்தப்பட்டான், இங்கே வந்தபோது ‘கேரளாக்காரன்’ என்று சந்தேகிக்கப்பட்டான். தொலைக்காட்சி விவாதங்களில் ஒருநாளும் அவனுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டதாக நாம் கண்டதில்லை.

அச்சத்துக்குச் சந்தை உண்டு

கேரளம் ஆண்டவர்களின் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் மனிதச் சுவர் எழுப்பிய அணியின் முதலமைச்சரான பினராயி விஜயன், 2021 அக்டோபரில் சட்டமன்றத்தில் எழுந்து, அணைக்கு இப்போது ஆபத்து இல்லை, பீதியைக் கிளப்புகிறவர்கள்மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். எதிர்க்கட்சியில் இருக்கும்போது பயமுறுத்துவதும் ஆட்சியில் இருக்கும்போது சாந்தப்படுத்துவதும் ஒரு கட்சியின் வழக்கம் மாத்திரமல்ல. எல்லைக்கு இப்புறத்துக் கட்சிகளும் இதில் சளைத்தவை அல்ல. அதிகாரத்தின் பொறுப்பு தோளில் ஏறின பிறகே அநேகருக்கு வார்த்தையின் பாரம் தெரிகிறது.

ஊடகங்களின் கணக்கு இதைவிட எளியது. சாந்தமான செய்தியை ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. இன்றைக்கு அணையின் நீர்மட்டம் 136 அடி, எல்லாம் ஒழுங்காயிருக்கிறது என்று வாசித்தால் நாம் வேறு அலைவரிசைக்குத் தாவிவிடுகிறோம். அபாய எச்சரிக்கை என்று சிவப்பு எழுத்தில் ஓடினால் குடும்பமே வந்து உட்காருகிறது. உட்காருகிற குடும்பத்தின் எண்ணிக்கைக்குத் தக்கதாய் விளம்பரக் காசு வருகிறது. முன்பு தொலைக்காட்சி நிலையங்கள் செய்த இந்த வியாபாரத்தை இப்போது யூடியூபில் ஒரு தனிமனிதன் தன் அறையிலிருந்தே செய்யலாம்.

2018 ஆகஸ்டின் பெருவெள்ளத்தில் அணை 142 அடியைத் தொட்டது. தமிழ்நாடு திடீரென்று நீரைத் திறந்ததும் வெள்ளத்துக்குக் காரணம் என்று கேரளம் உச்சநீதிமன்றத்தில் சொல்ல, தமிழ்நாடு அதை மறுத்தது. நீதிமன்றத்துக்குள் பிரமாணப் பத்திரங்களாக நடந்த வாதம் வெளியே வசைமாரியாயிற்று. 2021 அக்டோபரில் திரைப்பட நடிகர் ஒருவர் அணையைப் பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதினார். தேனியில் அவருடைய உருவபொம்மை கொளுத்தப்பட்டது. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் மலை சரிந்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அந்தத் துக்கத்தின் சூட்டிலேயே முல்லைப்பெரியாற்றைக் குறித்த காணொளிகள் பெருகின. பொய்ப்பிரசாரம் செய்யவேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2025 மார்ச்சில் வெளியான ‘எம்புரான்’ படத்தில் வந்த அணைக் காட்சிகளுக்காகக் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் மீண்டும் வீதிக்கு வந்தனர்.

கலைஞனுக்குக் கற்பனைச் சுதந்திரம் வேண்டும் என்பார்கள். சுதந்திரத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நெரிசலான கூடாரத்துக்குள் நின்று தீ, தீ என்று கூவுகிறவனுக்கு, மிதிபட்டவர்களைக் குறித்து ஒரு உத்தரவாதமும் இல்லையா? எல்லையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் குளிர்ந்த அறையில் எழுதப்படும் வசனத்துக்கு, எல்லையில் ஜீப் ஏறுகிற கூலிக்காரி விலை கொடுக்கிறாள். சமுதாயத்துக்குப் பழைய கட்டுப்பாடுகள் சில தேவை என்று நாம் சொல்லும்போது நம்மைப் பிற்போக்காளர் என்கிறார்கள். அயலானைக் குறித்துப் பேசுமுன் நாவை அடக்குவது பிற்போக்கானால், அந்தப் பெயர் நமக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

பார்க்கப்படாத மலைச்சரிவு

2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு மூணாறுக்கு அப்பால் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த நான்கு லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல்கள் இறுதிவரை கிடைக்கவில்லை. அநேகருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு பகுதி. மழையினால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தபடியால், அந்த மரணச் செய்தி வெளியுலகுக்கு எட்டவே மறுநாள் காலை ஆயிற்று.

அன்று மாலையே கரிப்பூர் விமான நிலையத்தில் துபாயிலிருந்து வந்த விமானம் விபத்துக்குள்ளாயிற்று. புகைப்படக் கருவிகள் அங்கே திரும்பின. முதலமைச்சர் மறுநாள் கரிப்பூருக்குப் போனார். பெட்டிமுடிக்கு ஆகஸ்ட் 13-இல் வந்தார். விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாயும் பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாயும் அறிவித்தது. தோட்டத் தொழிலாளியின் உயிருக்குப் பாதி விலையா என்று எழுந்த கேள்வி சில வாரங்கள் ஒலித்து அடங்கிற்று. உயிர்தப்பிய குடும்பங்களில் எட்டுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 2021 அக்டோபர் 16-இல் இடுக்கியின் கொக்கயாற்றில் மலை சரிந்து, குழந்தைகள் உட்பட அநேகர் மாண்டார்கள். சில நாட்களுக்குள் நாட்டின் பேச்சு எதைப் பற்றியிருந்தது? முல்லைப்பெரியாற்றைப் பற்றித்தான்! விழுந்த மலையை விட்டுவிட்டு, விழாத அணையைக் குறித்து விவாதம் பண்ணினார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. அணைக்கு ஒரு எதிராளி இருக்கிறான். அவன் அடுத்த மாநிலத்தான். அவனை ஏசலாம், ஊர்வலம் போகலாம், ஓட்டுக் கேட்கலாம். மலைச்சரிவுக்கோ அப்படிப்பட்ட எதிராளி இல்லை. அதைக் குறித்துப் பேசத் தொடங்கினால், சரிவில் ஏன் லயம் கட்டப்பட்டது, எண்பது தொண்ணூறு வருஷத்து லயச்சுவரை ஏன் ஒருவரும் பழுதுபார்க்கவில்லை, மலைவெட்டுக்கு அனுமதி கொடுத்தது யார் என்று நம் வீட்டு வாசலிலேயே கேள்வி வந்து நிற்கும். 2000-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பீருமேடு டீ கம்பெனித் தோட்டங்களில், ஓடு பறந்த லயங்களின்மேல் தார்ப்பாய் விரித்துத் தொழிலாளர் குடும்பங்கள் வருஷக்கணக்காய்க் காலம் தள்ளின. அதைக் காட்டினால் ஒருவனும் உருவபொம்மை கொளுத்த மாட்டான். ஆகவே காட்டுகிறவர்களும் சொற்பம்.

பாலக்காடு கற்றுத்தரும் பாடம்

எல்லை நெடுகிலும் இப்படித்தானா என்றால், இல்லை. வடக்கே பாலக்காட்டுப் பக்கம் பாருங்கள். அங்கே பறம்பிக்குளம் அணை கேரள மண்ணில் நிற்கிறது. அதை இயக்குவது தமிழ்நாடு. ஏற்பாடு முல்லைப்பெரியாற்றைப் போன்றதே. 2022 செப்டம்பர் 21-ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் அந்த அணையின் மூன்று மதகுகளில் நடுமதகின் சங்கிலி அறுந்து, மதகே பெயர்ந்தது. விநாடிக்கு 20,000 கனஅடி அளவுக்கு நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. இது வதந்தி அல்ல, மெய்யான பழுது. இரு மாநில அதிகாரிகளும் இரவோடிரவாகச் செய்தி பரிமாறினார்கள். ஆற்றங்கரை ஜனங்கள் எச்சரிக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டு அமைச்சர் வந்து பார்த்தார். மதகு புதிதாக அமைக்கப்பட்டது. ஒரு கடையும் உடையவில்லை, ஒரு பேருந்தும் எரியவில்லை. மெய்யான ஆபத்தில் இவ்வளவு அமைதியாக நடந்துகொள்ளத் தெரிந்த அதே இரு மாநிலங்கள், வராத ஆபத்துக்காக ஒன்றையொன்று அடித்துக்கொண்டது விநோதம் அல்லவா?

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு வரவேண்டும். அங்கே தமிழ் பேசும் விவசாயிகள் ஏராளம். அவர்களோ, தமிழ்நாடு நீரைச் சரியாகத் திறப்பதில்லை என்று முறையிடுகிறார்கள். கம்பத்தில் கேரளத்தைக் குறித்துத் தமிழன் சொல்லும் முறையீட்டைச் சித்தூரில் தமிழ்நாட்டைக் குறித்துத் தமிழன் சொல்லுகிறான். கோயம்புத்தூரில் குடியேறியிருக்கிற நம்மவர்கள் குழாயில் பிடிக்கிற சிறுவாணித் தண்ணீரும் பாலக்காடு மாவட்டத்து அணையிலிருந்தே வருகிறது. இவ்வளவாய் ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் ஜனங்களை இரண்டு பாளையங்களாகப் பிரித்துக் காட்டுகிற செய்தி, மெய்யைப் பாதியாக்கியே அதைச் செய்ய முடியும்.

பத்துப் பேரும் இரண்டு பேரும்

கானானை வேவுபார்க்க அனுப்பப்பட்ட பன்னிரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கொண்டுவந்த செய்தியில் கட்டுக்கதை மாத்திரம் இருந்ததா? பட்டணங்கள் அரணானவை என்பது உண்மை. குடிகள் பலவான்கள் என்பதும் உண்மை. அந்த உண்மைகளை அச்சத்தில் தோய்த்துச் சபையாருக்குக் கொடுத்தார்கள். பாளயம் முழுவதும் இராமுழுதும் அழுதது. மற்ற இரண்டு பேரும் அதே பட்டணங்களைத்தான் கண்டார்கள். வேறு விதமாகச் சொன்னார்கள். ஜனங்கள் அவர்களைக் கல்லெறியப் பார்த்தார்கள். ஒரு துர்ச்செய்தியை நம்பினதற்குக் கொடுத்த விலை நாற்பது வருஷ வனாந்தரம்.

பொய்ச்சாட்சியைத் தடைசெய்யும் கட்டளையை நீதிமன்றத்துக்கு மாத்திரம் உரியதென்று எண்ணாதிருங்கள். மெய்யென்று அறியாத ஒன்றை அயலானுக்கு விரோதமாக அனுப்புகிற விரலும் சாட்சி சொல்லுகிறது. அணை இன்ன நாளில் உடையும் என்று தரிசனம் கண்டதாக ஒருவர் சபையில் சொன்னால், மூப்பர்கள் அதை நிதானிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். நிதானிக்கப்படாத தரிசனம் கைப்பேசியில் ஏறினால் அதுவும் வதந்தியாகவே ஓடும்.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை

1. சொன்னவர் யார் என்று முதலாவது கேளுங்கள். அணைக்கு இன்று தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் மேற்பார்வைக் குழு உண்டு. மாவட்ட ஆட்சியரும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் அறிவிப்பு வெளியிடுகிறார்கள். அவர்கள் சொல்லாததைப் பெயரில்லாத குரல் ஒன்று சொன்னால் அதை அனுப்பாதிருங்கள்.

2. எண்களை அறிந்துகொள்ளுங்கள். முல்லைப்பெரியாற்றில் நீர் 136, 138, 140 அடிகளை எட்டும்போது ஒவ்வொரு நிலையிலும் அறிவிப்புக் கொடுப்பது வழக்கமான ஒழுங்கு. அது ஆபத்தின் அறிகுறி என்று கலங்க வேண்டாம். இடுக்கி அணையின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. அதன் நிறைமட்டம் 2403 அடி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நீர் இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏறிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு.

3. பழைய காணொளிகள் புதிய தேதியோடு வரும். 2018 வெள்ளத்தின் காட்சிகள் இன்றும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உலா வருகின்றன. நாளும் இடமும் தெரியாத படத்தை அழித்துவிடுங்கள்.

4. மழைக்காலத்தில் ஊருக்குப் பேசும்போது அணையைப் பற்றி மாத்திரம் விசாரியாதிருங்கள். லயத்தின் பின்சுவர் எப்படியிருக்கிறது, வீட்டுக்கு மேலுள்ள சரிவில் புதிதாய் வெடிப்பு உண்டா, ஊற்று கலங்கி வருகிறதா, அதிகாரிகள் முகாமுக்கு வரச் சொன்னார்களா என்று கேளுங்கள். போகச் சொன்னால் சாமான்களைப் பாராமல் போய்விடும்படி வற்புறுத்துங்கள். தாயின் உயிரைக் காப்பது அந்த ஒரு வார்த்தையாயிருக்கலாம்.

5. பிள்ளைகள் கேட்க வீட்டில் மலையாளிகளை இழிவாகப் பேசாதிருங்கள். மொழிப்பற்று நல்லது. அது அயலானின் கடைக்கண்ணாடியை உடைக்கும் கல்லாகக்கூடாது. நாம் குடியேறியிருக்கும் நகரங்களிலும் நாமே ஒருவருக்கு அந்நியர்தான்.

6. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அணையைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு லயத்தைப் பற்றியும் கேளுங்கள். பாதுகாப்பான இடத்தில் வீடும், மலைச்சரிவுக்கு முன்னெச்சரிக்கையும், மழையிலும் வேலை செய்கிற தொலைபேசிக் கோபுரமும் தோட்டத் தொழிலாளிக்கு எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள்.

பிரியமானவர்களே, அணையின் பலத்தை அளக்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், வழக்கைத் தீர்க்க நீதிமன்றம் இருக்கிறது. கேரளம் தன் ஜனங்களின் பாதுகாப்பைக் கேட்பதும் தமிழ்நாடு தன் வயல்களுக்கு நீரைக் கேட்பதும் அங்கேயே பேசித் தீர்க்கத்தக்க நியாயங்கள். நம்மிடம் கேட்கப்படுகிற உத்தரவாதம் சிறியது, ஆனாலும் நமக்கே உரியது. அடுத்த மழையில் அந்தச் செய்தி மறுபடியும் வரும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப் அன்றைக்கும் விடியற்காலத்தில் மலையேறும். நம் கையிலிருந்து புறப்படும் ஒரு பொய் அந்த ஜீப்பை வழிமறிக்காதிருக்கும்படி ஜாக்கிரதையாயிருப்போமாக.